ஒரு கோடு பின்னால் போனவர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது போலந்தின் ரைட் பேக் (வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர்) வூக்காஷ் பிஷ்ச்செக்கைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கராகத் தொடங்கித் தற்காப்பு ஆட்டக்காரராகப் பேர் வாங்கியவர் என்று, அவ்வளவுதான். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அவருக்கே.

என் மகன் உயர்நிலை 2 படிக்கிறான். ஆரம்பப்பள்ளியிலிருந்தே ஸ்ட்ரைக்கர். போன மாதம் பயிற்றுவிப்பாளர் அவனை ரைட் பேக் இடத்துக்கு மாற்றிவிட்டார். அன்று இரவு சாப்பிடவில்லை, இப்போது இணைப்பாட நடவடிக்கையே வேண்டாம் என்கிறான். அவன் அப்பா பள்ளிக்குப் போய்ப் பேசப் போவதாகச் சொல்கிறார். நீங்கள் எழுதிய அந்தப் போலந்து ஆட்டக்காரரின் கதை உண்மையிலேயே அப்படித்தானா, இல்லை ஆறுதலுக்காகச் சொன்னீர்களா? (ஒரு தாயார், ஈசூன்)

உண்மைதான் அம்மா. விவரமாகவே சொல்கிறேன், இரவுச் சாப்பாட்டின்போது அவனிடம் சொல்லுங்கள்.

பிஷ்ச்செக் 1985 ஜூன் 3ஆம் தேதி தெற்குப் போலந்தில், சைலீசியா வட்டாரத்தில் பிறந்தவர். வளர்ந்தது கொச்சவ்கோவிட்சே என்ற சின்ன ஊரில். அங்கே 7,000 பேர்கூட இல்லை, நம் ஈசூனில் சில புளோக்குகளில் அடங்கிவிடுவார்கள். ஊர்க் குழுவில் ஆடத் தொடங்கி, பிறகு ஜாப்ஷே நகரத்தில் இளையர்களுக்கான குவாரெக் குழுவில் சேர்ந்தார். ஆடியதெல்லாம் முன்வரிசையில்தான். 2004ல் சுவிட்சர்லாந்தில் 19 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ணப் போட்டி நடந்தது. அதில் 4 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவர்கள் வரிசையில் உச்சியில் நின்றார். உங்கள் மகனுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக்கராகத் தேறாமல் பின்னால் தள்ளப்பட்ட ஆள் இல்லை இவர். ஐரோப்பாவில் தன் வயதுக்காரர்களில் மிக நன்றாகக் கோல் அடித்தவர்களில் ஒருவர்.

அந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு ஜெர்மனியின் ஹெர்த்தா பெர்லின் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் உடனே பெர்லினில் ஆடவிடவில்லை. போலந்திலேயே ஸாக்வெம்பியே லூபின் குழுவுக்கு இரவலாக அனுப்பிவிட்டது. அங்கே மூன்று பருவம் ஆடினார். 2006-07ல் அந்தக் குழு போலந்து லீக் பட்டத்தை வென்றது, அதே 2007ல் தேசியக் குழுவிலும் இடம் கிடைத்தது. அப்புறம்தான் 22 வயதில் பெர்லினுக்குப் போனார்.

பெர்லினில் கோல் வரவில்லை. விங்கிலும் ஆடினார், முன்னாலும் ஆடினார், எதிலும் நிலைக்கவில்லை. அப்போது ஹெர்த்தாவின் பயிற்றுவிப்பாளர் லூசியன் ஃபாவ்ர், சுவிட்சர்லாந்துக்காரர். அவர்தான் பிஷ்ச்செக்கை ரைட் பேக் இடத்தில் நிறுத்திப் பார்த்தார். அப்போது பிஷ்ச்செக்குக்கு வயது இருபதுகளின் நடுப்பகுதி. உங்கள் மகனுக்கு இப்போது 14 இருக்குமா? சின்ன வயதிலிருந்தே 'கோல் அடிப்பவன்' என்று பேர் எடுத்த ஒருவர், வேலையில் சேர்ந்து சில வருடம் ஆன பிறகு புதுத்தொழில் படிப்பது மாதிரி முதலிலிருந்து தொடங்கினார்.

2009-10 பருவத்தில் ஹெர்த்தா கடைசி இடத்தில் முடிந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பிஷ்ச்செக்கின் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. பயிற்றுவிப்பாளர் யர்கன் கிளோப் அவரைத் தன் குழுவான ஜெர்மனியின் பொருஸியா டோர்ட்மண்டுக்கு அழைத்துக்கொண்டார், மாற்றுத் தொகையாக ஒரு காசுகூடக் கொடுக்காமல். அங்கேயும் முதல் நாளே இடம் கிடைக்கவில்லை. பருவத்தின் தொடக்கத்தில் ரைட் பேக்காக ஆடியவர் பாட்ரிக் ஓவோமோயேலா. அவர் காயமடைந்தபோது கிடைத்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டவர்தான் பிஷ்ச்செக், அதன் பிறகு விடவே இல்லை. 2010-11ல் லீக் பட்டம், 2011-12ல் மறுபடியும் பட்டம், கூடவே ஜெர்மன் கிண்ணம். அந்தக் கிண்ண இறுதியாட்டத்தில் பயர்ன் மியூனிக்கை 5-2 என்று தோற்கடித்தார்கள். 2013ல் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை போனார்கள். மொத்தம் 11 பருவம், டோர்ட்மண்டுக்காக 382 ஆட்டம். போலந்துக்காக 66.

ஸ்ட்ரைக்கராகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். டோர்ட்மண்டுக்கு அவர் வந்த அதே 2010 கோடையில்தான் இன்னொரு போலந்துக்காரரும் அங்கே வந்தார், ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி. முன்வரிசையில் அவரோடு போட்டி போட்டிருக்க வேண்டும். பின்வரிசையில் நின்றதால் அவருக்குப் பந்து கொண்டுவந்து கொடுக்கும் ஆளானார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு நெருக்கமான விஷயம். எனக்கும் 15 வயதில் இதே நடந்தது. பள்ளிக் குழுவில் இடது விங்கில் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லெஃப்ட் பேக் போ என்றார்கள், காரணம் சொல்லவில்லை. நான் கோபத்தில் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. அன்று யாராவது என்னை உட்காரவைத்து ஏன் மாற்றினார்கள் என்று விளக்கியிருந்தால் நான் ஆடியிருப்பேன். அதனால் உங்கள் கணவர் பள்ளிக்குப் போவதில் தவறில்லை, ஆனால் பழைய இடத்தைத் திருப்பிக் கேட்பதற்காகப் போக வேண்டாம். இந்தப் பையனிடம் என்ன பார்த்து ரைட் பேக் இடத்துக்கு மாற்றினீர்கள் என்று கேட்கட்டும், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்தப் பதில் அவனுக்கு வேண்டும்.

லூகாஸ் பிஸ்செக் என்றுதான் நாங்கள் காப்பிக்கடையில் சொல்வோம். நீங்கள் வூக்காஷ் என்று எழுதுகிறீர்கள். எது சரி? (புக்கிட் பாத்தோக்)

வூக்காஷ்தான். போலந்து எழுத்தில் ல-வின் மேல் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டால் அதை வ-போல உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும். பிஷ்ச்செக் என்பதில் ஷ்-உம் ச்ச-வும் அடுத்தடுத்து வரும். நமக்கு ஷ், ச இரண்டும் இருப்பதால் கஷ்டமே இல்லை, இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். அவருடைய கூட்டாளி கூபா புவாஷ்ச்சிகோவ்ஸ்கியின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் மற்ற போலந்துப் பெயர் எதற்கும் பயப்பட வேண்டாம்.

நான் வாரயிறுதியில் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தொண்டூழியர். ஸ்ட்ரைக்கரை ரைட் பேக் ஆக்குவது எல்லாருக்கும் பலிக்குமா? பிஷ்ச்செக்கிடம் அப்படி என்ன இருந்தது? (ஜூரோங் வெஸ்ட்)

எல்லாருக்கும் பலிக்காது. ஓட்டம் இல்லாத ஸ்ட்ரைக்கரைப் பின்னால் போட்டால் பிள்ளையும் கெடுவான், குழுவும் கெடும். பிஷ்ச்செக்கிடம் வேகம் இருந்தது, அதைவிட முக்கியமாக ஒரே ஆட்டத்தில் பலமுறை மேலும் கீழும் ஓடுகிற நுரையீரல் இருந்தது.

கிளோப்பின் டோர்ட்மண்ட் ஆடிய விதத்தை நினைத்துப் பாருங்கள். பந்தைப் பறிகொடுத்தால் பின்வாங்க மாட்டார்கள், அடுத்த நொடியே அதே இடத்தில் மூன்று நான்கு பேர் பாய்ந்து திரும்பப் பறிப்பார்கள். அப்படிப் பாய வேண்டுமென்றால் மூன்று வரிசையும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும், தற்காப்பு வரிசையே நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவர்களுக்குப் பின்னால் பாதித் திடல் காலியாகக் கிடக்கும். எதிரணி ஒரே ஒரு நீளமான பந்தை அங்கே போட்டுவிட்டால் 40, 50 மீட்டர் திரும்பி ஓட வேண்டியவர்களில் ரைட் பேக்கும் ஒருவர். ஓடிப் பிடித்துப் பந்தை வாங்கி, மூச்சு வாங்குவதற்குள் மறுபடியும் மேலே போக வேண்டும். இது ஒரு தடவை இல்லை, 90 நிமிடமும்.

தாக்குதலில் அவர் செய்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சுலபம், இரண்டு கூம்பு வைத்தே காட்டலாம். அவருக்கு முன்னால் வலது விங்கில் கூபா. கூபாவிடம் பந்து வந்ததும் அவர் கோட்டை விட்டு உள்ளே வெட்டுவார். எதிரணி லெஃப்ட் பேக் அவரோடு உள்ளே போயே ஆக வேண்டும், விட்டால் கூபா ஷாட் அடிப்பார். அந்த லெஃப்ட் பேக் உள்ளே போன நொடியில் ஓரக்கோட்டை ஒட்டி ஒரு சந்து திறக்கும். பிஷ்ச்செக் அந்தச் சந்து திறந்த பிறகு ஓடியவர் இல்லை, திறக்கப்போகிறது என்று தெரிந்து முன்னாலேயே கிளம்பியிருப்பார். பந்து வரும்போது முழு வேகத்தில் இருப்பார், எதிரில் இருப்பவன் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். அங்கேயே வேலை முடிந்தது.

இங்கேதான் பழைய ஸ்ட்ரைக்கர் உள்ளே இருப்பது தெரியும். சாதாரண ரைட் பேக் ஓரத்துக்குப் போனதும் தலை குனிந்து பந்தைப் பெட்டிக்குள் தூக்கிப் போடுவார், யாருக்காவது கிடைக்கட்டும் என்று. பெட்டிக்குள் பல வருடம் நின்று பந்துக்காகக் காத்திருந்தவருக்கு, பந்து எந்த நேரத்தில், எந்த உயரத்தில் வந்தால் பிடிக்கும் என்று தெரியும். கோல்காப்பாளருக்கும் தற்காப்பு வரிசைக்கும் நடுவில், காப்பாளர் வெளியே வருவதா நிற்பதா என்று தடுமாறுகிற அந்த இடத்தில் போடுவார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. முன்வரிசையிலிருந்து வரும் பிள்ளைக்குப் பின்வரிசையில் மிகக் கஷ்டமானது காலை நீட்டாமல் இருப்பது. ஸ்ட்ரைக்கர் பந்தைப் பார்த்ததும் பாய்வான், தவறினால் நஷ்டமில்லை, பின்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள். தற்காப்பில் பாய்ந்து தவறினால் பின்னால் கோல்காப்பாளர் மட்டும்தான். எதிரே வருபவனுடைய காலைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், கால் பொய் சொல்லும், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் அவன் போக முடியும். உடம்பைப் பாதி திருப்பி, ஓரக்கோட்டைப் பார்த்து அவனை விரட்டுகிற மாதிரி நிற்க வேண்டும். அப்புறம் வரிசை. நான்கு பேரில் மூன்று பேர் முன்னேறி, ஒருவன் மட்டும் ஒரு மீட்டர் பின்தங்கினால், எதிரணி முன்வரிசையை ஆஃப்சைடில் சிக்கவைக்க விரித்த வலை கிழிந்துவிடும். புதிதாக வந்த பிள்ளை செய்யும் தவறு பெரும்பாலும் இந்த ஒரு மீட்டர்தான், இதற்காக அவனைத் திட்டாதீர்கள், முன்வரிசையில் இருந்தவரை அவன் இதை எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறான்.

தம்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் போலந்து என்றால் லெவண்டோவ்ஸ்கி என்கிறார்கள், நீங்கள் பிஷ்ச்செக் என்கிறீர்கள். ஜ்முடாவை யாரும் பேசுவதில்லையே. 1982 உலகக் கிண்ணத்தைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன், போலந்தின் ஆகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் அவர்தானே? (72 வயது வாசகர், தோ பாயோ)

ஆமாம் ஐயா, அவர்தான். இதில் உங்களோடு வாதாட எனக்கு எதுவும் இல்லை.

வ்வாடிஸ்வாஃப் ஜ்முடா 1974, 1978, 1982, 1986 என்று நான்கு உலகக் கிண்ணத்தில் ஆடியவர், மொத்தம் 21 ஆட்டம். அவர் காலத்தில் அதற்கு மேல் உலகக் கிண்ண ஆட்டம் ஆடியவர் எவரும் இல்லை. ஜெர்மனியின் ஊவே சீலரோடு சமமாக நின்றார். 1974ல் போலந்து மூன்றாம் இடம் பிடித்தபோது அவருக்கு வயது 20, அந்தப் போட்டியின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 1982ல் நீங்கள் பார்த்த குழுவும் பிரான்ஸை 3-2 என்று வென்று மூன்றாம் இடம் வந்தது. கடைசியாக 1986ல் பிரேசிலுக்கு எதிராகச் சில நிமிடம் மட்டும் மாற்று ஆட்டக்காரராக வந்தார், அதுதான் 21ஆவது. நடுத் தற்காப்பில் நின்று, அதிகம் சத்தம் போடாமல், பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே நிற்கிற ஆள்.

பிஷ்ச்செக்குக்கு உலகக் கிண்ணத்தில் அப்படி ஒரு கதை இல்லை. 2018ல் ரஷ்யாவுக்குப் போனார், செனகலிடமும் கொலம்பியாவிடமும் போலந்து தோற்றது, அதோடு தேசியக் குழுவிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நல்ல நினைவு 2016 யூரோ, அதாவது ஐரோப்பியக் கிண்ணப் போட்டி. போலந்து பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் ஒரு கோல்கூட விடவில்லை, உலக வெற்றியாளர் ஜெர்மனியையும் 0-0 என்று தடுத்து நிறுத்தியது. காலிறுதியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள், அந்தப் போர்ச்சுகல்தான் பிறகு கிண்ணத்தை வென்றது.

தற்காப்பு ஆட்டக்காரர்களை யாரும் பேசுவதில்லை என்ற உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. நம் ஊரிலேயே பாருங்கள். 1998ல் ஹனோயில் வியட்னாமை 1-0 என்று வென்று சிங்கப்பூர் முதல் முறையாக டைகர் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த ஒரே கோலைப் போட்ட ஆர். சசிகுமார் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். அந்தக் கோல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. வியட்னாமின் சொந்தத் திடலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒரு கோலும் விடாமல் நின்றதை எத்தனை பேர் பேசுகிறோம்?

தேசிய சேவைக்குப் போக இன்னும் ஒன்றரை வருடம். இரண்டு வருடம் அங்கே போய்விட்டால் காற்பந்து வாழ்க்கை முடிந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் நடுத் தற்காப்பு ஆடுகிறேன். பிஷ்ச்செக் மாதிரி ஆட்களுக்கு 18 வயதிலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறதே? (ஒரு மாணவர், செங்காங்)

தம்பி, உனக்கு நேராகவே சொல்கிறேன். 18 முதல் 20 வரை உள்ள இரண்டு வருடம் ஒரு ஆட்டக்காரனுக்குப் பெரியது, அது பாதிக்காது என்று சொன்னால் அது பொய். ஆனால் பிஷ்ச்செக்குக்கு 18 வயதில் எல்லாம் முடிவானது என்று நீ நினைப்பது தவறு. 19 வயதில் ஜெர்மனிக் குழு ஒப்பந்தம் போட்டும் 22 வரை இரவலில் இருந்தார். தன் இடம் எது என்று தெரிந்ததே அதற்குப் பிறகு. முதல் லீக் பட்டத்தை ஜெர்மனியில் வாங்கும்போது கிட்டத்தட்ட 26. 2008 யூரோவுக்கு அவர் முதல் பட்டியலில்கூட இல்லை, கூபா காயமடைந்ததால் கடைசி நேரத்தில் அழைத்தார்கள்.

தற்காப்பு ஆட்டக்காரர்கள் பழுப்பது தாமதமாகத்தான். விங்கருக்கு வேகம் போனால் போச்சு, நடுத் தற்காப்பு ஆளுக்கு 28, 30 வயதில்தான் ஆட்டம் முழுசாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். உனக்கு அந்த ஒரு சாதகம் இருக்கிறது. முகாமில் இருக்கும்போது ஓட்டத்தை விடாதே, விடுப்பு நாளில் புளோக் பக்கத்துத் திடலில் இடது காலால் பந்து அடித்துப் பழகு, வலது கால் தானாக இருக்கும். தொழில்முறை ஆட்டக்காரனாவாய் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆவதற்கான வயது 20ல் முடிந்துவிடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது ஆடும் போலந்துத் தற்காப்பு ஆட்டக்காரர்களில் யார்? (பிடோக்)

யாக்கூப் கிவியோர். 2023 ஜனவரியில் இத்தாலியின் ஸ்பெட்சியாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்தவர், 2025ல் ரியால் மட்ரிட்டை இரண்டு ஆட்டத்திலும் வென்றபோது ஆர்சனலின் வழக்கமான நடுத் தற்காப்பு ஆள் கேப்ரியல் இல்லாத இடத்தில் நின்று தாங்கினார். 2025 செப்டம்பரில் போர்ட்டோவுக்குப் போனார், அங்கே இன்னொரு போலந்துக்காரர் யான் பெத்னாரெக்கோடு சேர்ந்து ஆடினார். கிவியோர் பிறந்த டிஹி நகரம் பிஷ்ச்செக்கின் ஊர் இருக்கும் அதே சைலீசியாவில்தான் இருக்கிறது.

11 வருடம் டோர்ட்மண்டில் ஆடியவர், ஏன் நான்காம் பிரிவில் கிராமத்துக் குழுவுக்குப் போனார்? மத்தியக் கிழக்கிலோ அமெரிக்காவிலோ நல்ல சம்பளத்துக்கு இரண்டு வருடம் ஆடியிருக்கலாமே. என்னால் இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. (உட்லண்ட்ஸ்)

அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது, ஆனால் அவர் வாழ்க்கையின் வரிசையைப் பார்த்தால் எனக்கு அது இயல்பாகவே படுகிறது.

2012-13 பருவத்தின் பிற்பகுதியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இடுப்பு மூட்டில் கடுமையான பிரச்சினை, அறுவை சிகிச்சை வேண்டும் என்று தெரியும். ஆனால் டோர்ட்மண்ட் சாம்பியன்ஸ் லீக்கில் முன்னேறிக்கொண்டே இருந்தது, அரையிறுதியில் ரியால் மட்ரிட்டை 4-1 என்று அடித்தார்கள், நான்கும் லெவண்டோவ்ஸ்கி. வலியோடு ஆடினார். மே 25 வெம்பிளியில் இறுதியாட்டம், நமக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 2.45 மணி. நான் தேக்கா பக்கம் 24 மணி நேரக் கடை ஒன்றில் தே குடித்துக்கொண்டு பார்த்தேன். 89ஆவது நிமிடத்தில் ராபன் கோல் போட்டார், பயர்ன் 2-1. கடையில் பாதிப்பேர் குதித்தார்கள், பாதிப்பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். இறுதியாட்டம் முடிந்த பிறகுதான் பிஷ்ச்செக் அறுவை சிகிச்சைக்குப் போனார், திரும்பித் திடலுக்கு வர அந்த ஆண்டின் கடைசி மாதங்கள் ஆகிவிட்டன.

லெவண்டோவ்ஸ்கி அடுத்த வருடம் பயர்னுக்குப் போனார், கிளோப் 2015ல் கிளம்பினார், கூபாவும் போய்விட்டார். பிஷ்ச்செக் இருந்தார். 2018ல் டோர்ட்மண்டுக்குப் புதிதாக வந்த பயிற்றுவிப்பாளர் யார் தெரியுமா? அதே ஃபாவ்ர். வேகம் குறைந்துவிட்ட 34 வயது பிஷ்ச்செக்கை 2019-20ல் மூவர் தற்காப்பில் வலப்பக்க நடு ஆளாக நிறுத்தினார். முன்னால் ஓடுவதற்கு இளைஞர் ஹக்கிமி இருந்தார், பின்னாலிருந்து பந்தைச் சரியாகக் கொடுக்க பிஷ்ச்செக். பெர்லினில் ஒரு கோடு பின்னால், டோர்ட்மண்டில் இன்னொரு கோடு பின்னால், இரண்டு தடவையும் அதே மனிதர் தள்ளினார், இரண்டு தடவையும் இவர் போய் நின்று ஆடினார்.

கடைசிப் பருவத்தில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். 2021 மே 1, கிண்ண அரையிறுதியில் இளம் ரைட் பேக் மாத்தேயு மொரேய்க்கு முழங்காலில் மோசமான காயம். அதனால் மே 13ஆம் தேதி இறுதியாட்டத்தில் 35 வயது பிஷ்ச்செக் முதல் பதினொருவரில் இறங்கினார். எதிரணி லைப்சிக். இடம் பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டரங்கம். ஹெர்த்தாவின் சொந்தத் திடல், கோல் வராமல் தவித்து அவர் தற்காப்பு ஆட்டக்காரராக மாறிய அதே புல்தரை. இங்கே அன்று நோன்புப் பெருநாள், ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலையில். வீட்டில் எல்லாரும் தூங்க, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். சான்சோ இரண்டு, ஹாலன்ட் இரண்டு, 4-1. ஆட்டம் முடிந்ததும் பிஷ்ச்செக் அழுதார், சக ஆட்டக்காரர்கள் அவரைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தார்கள். கோல் போட்டவர்களை விட்டுவிட்டு ரைட் பேக்கைத் தூக்கினார்கள். கிருமித்தொற்று காரணமாக அரங்கில் கூட்டமே இல்லை, கத்துகிற குரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

அந்தக் கோடையில் ஊருக்குப் போய்விட்டார். தான் சிறுவனாக ஆடிய அதே கொச்சவ்கோவிட்சே குழுவில், நான்காம் பிரிவில். அங்கே சிறுவர்களுக்கு டோர்ட்மண்ட் பெயரில் ஒரு பயிற்சிப் பள்ளியும் நடக்கிறது. பிறகு நூரி ஷஹீன் டோர்ட்மண்ட் பயிற்றுவிப்பாளரானபோது துணைப் பயிற்றுவிப்பாளராக ஒரு முறை திரும்பவும் போனார், 2025 ஜனவரியில் ஷஹீனோடு சேர்ந்து அதுவும் முடிந்தது. அதற்கு முன், 2024 செப்டம்பர் 7ஆம் தேதி டோர்ட்மண்ட் அவருக்கும் கூபாவுக்கும் சேர்த்து ஒரு பிரியாவிடை ஆட்டம் நடத்தியது. 2021ல் காலியான அரங்கில் விடைபெற்றவருக்கு மூன்று வருடம் கழித்துக் கூட்டம் வந்து கை தட்டியது. எனக்கு அதைப் பார்த்தபோது ஒரு கடன் தீர்ந்த மாதிரி இருந்தது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் அதை விட்டுக்கொடுத்தார் என்றுதான் நானும் நினைக்கிறேன். விட்டுக்கொடுக்க முடிகிற நிலையில் இருந்தார் என்பதும் உண்மை, இங்கே நம் லீக்கில் ஆடுபவர்கள் பலருக்கு அந்த வசதி கிடையாது.

அண்ணே, என் அம்மா உங்களுக்குக் கடிதம் எழுதியது எனக்குத் தெரியும். நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை. ரைட் பேக் எப்படி ஆடுவது என்று பார்க்க ஒரே ஒரு ஆட்டம் சொல்லுங்கள். முழுசாகப் பார்க்க நேரமில்லை, பரீட்சை வருகிறது. (உயர்நிலை 2, ஈசூன்)

2014 அக்டோபர் 11, வார்சா, போலந்து எதிர் ஜெர்மனி. ஜெர்மனி உலகக் கிண்ணத்தை வென்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, போலந்து அதுவரை ஜெர்மனியை ஒரு தடவைகூட வென்றதில்லை. அன்று 2-0 என்று வென்றார்கள். 51ஆவது நிமிடத்தில் முதல் கோல், வலப்பக்கத்திலிருந்து பிஷ்ச்செக் போட்ட பந்தை மிலிக் தலையால் முட்டினார், ஜெர்மனியின் கோல்காப்பாளர் நோயர் வெளியே வந்து தவறவிட்டார்.

அந்தக் கோலை முதல் தடவை சாதாரணமாகப் பார். பிறகு சில வினாடி பின்னால் தள்ளி, பந்தை விட்டுவிட்டு 20ஆம் எண் சட்டையை மட்டும் பார். எப்போது தலையைத் தூக்குகிறார், பந்தைப் போடும்போது நோயர் எங்கே நிற்கிறார் என்று கவனி. அதற்கப்புறம் பந்தைப் போட்ட கையோடு அவர் என்ன செய்கிறார் என்பதையும் பார். நாலு நிமிடம் ஆகும், மற்ற நேரம் பரீட்சைக்குப் படி. பார்த்துவிட்டு எனக்கு எழுது.